ஸ்தோத்திரம்மாவின் நன்றிச் சீட்டு

மூட்டையின் முடிச்சை அவிழ்க்கும் முன் ஒரு பெருமூச்சு. அவிழ்த்த பிறகு ஒரு "ஸ்தோத்திரம்." ரத்தம் தோய்ந்த விரிப்பு என்றால் சத்தமாக ஒன்று. வாந்தி பட்டது என்றால் மூக்கைத் தோளில் தேய்த்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி ஒன்று. ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிற சலவைப் பிரிவில் காலை ஆறரை மணிக்கு வேலை இப்படித்தான் தொடங்குகிறது. முழங்கை வரை ரப்பர் உறை, முகத்தை மூடிய துணி, காலில் அளவு பெரிதான பூட்ஸ். இத்தனைக்கும் உள்ளேயிருந்துதான் அந்த ஸ்தோத்திரம் வெளியே வர வேண்டும்.

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்பார்கள், இந்த நாற்றத்துக்கெல்லாமா நன்றி என்று. அவள் அடுத்த மூட்டையை இழுத்துக்கொண்டே பதில் சொல்வாள். "யாரோ ஒருத்தர் இதுல படுத்திருந்தாரு இல்ல? வலியோட புரண்டிருப்பாரு. புரள ஒரு கட்டில் கிடைச்சுதே, அதுக்குத்தான்." அதற்கு மேல் விளக்கம் கிடையாது. கேட்டவர் அங்கேயே நின்றால், "நிக்கிறதுக்கு அந்த மூட்டையைத் தூக்கு" என்பாள்.

அவளுக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டிலும் மார்பில் குத்திய அட்டையிலும் அது இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளோ என்னவோ. மேற்பார்வையாளரிலிருந்து பாய்லர்காரர் வரை எல்லோருக்கும் அவள் ஸ்தோத்திரம்மாதான். வயது ஐம்பத்தாறு. முழங்கால் இரண்டும் மாடிப்படி ஏறும்போது தனித்தனியாகப் புலம்பும்.

உடனே நீங்கள் மலர்ந்த முகம், பளிச்சென்ற சிரிப்பு என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அதெல்லாம் இல்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்து கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிற பெண்ணின் முகம் எப்படி இருக்குமோ, அந்த முகத்தோடுதான் அவள் நாள் முழுக்க நன்றி சொல்கிறாள். பஸ் வந்தால் வந்ததற்கு. வராவிட்டால், சாய்ந்து நிற்கக் கம்பம் இருப்பதற்கு. கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குச் சில சமயம் எரிச்சலே வரும். எனக்கென்றால் கட்டாயம் வரும்.

எரிச்சலை மறைக்காதவள் ஒருத்தி இருக்கிறாள். துவைத்துக் காய்ந்த விரிப்புகளை மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். பதினோரு வருஷமாக எதிர்முனையைப் பிடிப்பவள் அவள்தான். அதனால் எதிர்முனைக்காரி என்றே பெயராகிவிட்டது. எந்தக் கோயிலுக்கும் போகாதவள். "உங்க சாமிக்குக் காது வலிக்காதாம்மா? காலைலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கே. கொஞ்ச நேரம் கண் அசர விடேன்" என்பாள். ஸ்தோத்திரம்மா விரிப்பின் மூலைகளைச் சேர்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு, "உன்னை மாதிரி வாய் உள்ள ஆளை எதிர்ல நிறுத்தினாரே, அதுக்கும் ஒண்ணு சொல்லிட்டேன்" என்பாள். இருவரும் சிரிப்பதில்லை. மடிப்பு நிற்பதும் இல்லை.

விரிப்புகளுக்குள் என்னென்னவோ வரும். மூக்குக்கண்ணாடி, ஒற்றைக் காலுறை, குழந்தையின் ரப்பர் வாத்து. ஒருமுறை முழுப் பல்செட்டு ஒன்று வந்தது. மற்றவர்கள் என்றால் ஒரு டப்பாவில் போட்டு வைத்து, யாராவது தேடி வந்தால் கொடுப்பார்கள். இவள் அந்தப் பல்செட்டைக் கழுவித் துணியில் சுற்றி, பூட்ஸோடு நாலு மாடி ஏறி, வார்டு வார்டாகக் கேட்டு, உரியவரின் வாயில் அது சரியாகப் பொருந்துகிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள். அன்று மேற்பார்வையாளரிடம் வாங்கிய திட்டுக்கு மட்டும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கேயும் விரிப்புதான். வீடு இரண்டாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவள் கணவரோ இருபத்தேழு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். "ஊரையே மேல தூக்கி விட்டேன், இப்ப என்னைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டியிருக்கு" என்று அவரே சொல்வார். பதினாலு மாதம் முன்பு ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு மூன்று மாதத்தில் திரும்பியது. கால் திரும்பவே திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்த பிறகு அவர் அந்த மாடியை விட்டு இறங்கவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அவள் வேலைக்குப் போயிருக்கும்போது கீழ்வீட்டுத் தையல்காரர் ஏறி வந்து புரட்டுவார். மற்ற நேரமெல்லாம் அவள்தான். ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்திருக்கிறாள். பதினாலு மாதமாக அவள் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. பஸ்ஸில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

சாயங்காலம் அவரைத் துடைத்து, ஊட்டி, விரிப்பு மாற்றிய பிறகு கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். அன்றைய நன்றிகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்வாள். அவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான், எழுந்து போகவா முடியும்? அவருக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. சபைக் கூடத்துக்குள் அவர் கால் வைத்தது இரண்டே தடவை. தன் கல்யாணத்துக்கு ஒன்று, மகள் கல்யாணத்துக்கு ஒன்று.

"என் கால் போனதுக்கும் சேர்த்துச் சொல்லிட்டியா?" என்று சீண்டுவார்.

"இல்லைங்க. நாக்கு திரும்பி வந்துச்சே, அதுக்குச் சொன்னேன்."

"அதுக்கு நீ அழணும்டி."

இப்படியே முடிந்துபோகிற சாயங்காலங்கள்தான் அதிகம். சில நாள் அவர் சீண்டமாட்டார். சுவரைப் பார்த்தபடி கிடப்பார். அந்த நாட்களில் அவள் குரல் இன்னும் கொஞ்சம் உயரும்.

அவள் போகிற சபை ஒரு பழைய கிடங்கில் கூடுகிறது. வாசலில் இரண்டு பெட்டிகள். ஒன்று ஜெப விண்ணப்பத்துக்கு, மற்றது ஸ்தோத்திரத்துக்கு. ஆராதனை தொடங்கும் முன் சீட்டில் எழுதிப் போட்டால் போதகர் நடுவில் வாசிப்பார். விண்ணப்பப் பெட்டி எப்போதும் நிரம்பி வழியும். அவள் அதில் ஒரு சீட்டுக்கூடப் போட்டதில்லை. "கேக்கிறவங்க வரிசை ரொம்ப நீளம். நானும் போய் நின்னா இன்னொருத்தருக்குத் தள்ளிப் போகும்" என்பது அவள் கட்சி. மற்ற பெட்டியில் மட்டும் மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் ஒரு சீட்டு விழும். பதினாலு மாதமாக அதில் ஒரே வாசகம். "என் கணவரை எழுந்து நடக்க வைத்ததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

நடந்த பிறகு நன்றி சொல்ல எல்லோருக்கும் தெரியும், நடப்பதற்கு முன்னாலேயே சொல்வதுதான் விசுவாசம் என்பது அவள் எண்ணம். "விருந்தாளி வர்றதுக்கு முன்னாடியே நாற்காலி போட்டு வைக்கிறோம்ல?" என்பாள். பழைய போதகருக்கு இது தெரியும். அவளுடைய சீட்டு வந்தால் வாசிக்காமல் வேதாகமத்துக்குள் சொருகிக்கொள்வார். "இது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ளதும்மா" என்று ஒருமுறை சொன்னாராம். அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக ஓர் இளம் போதகர் வந்தார். நல்ல பிள்ளை, கணீரென்ற குரல். வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவரிடம் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

அந்த மாதத்தின் முதல் ஞாயிறு அன்று அவர் அந்தச் சீட்டை வாசித்துவிட்டார். கணீரென்று, இரண்டு தடவை.

அதே சமயம் ஸ்தோத்திரம்மா கடைசி பெஞ்சில் சுவரோடு சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். முந்தின ராத்திரி அவருக்குக் காய்ச்சல். ஐந்து தடவை எழுந்திருக்கிறாள். கைதட்டல் கேட்டுத் திடுக்கிட்டு விழித்தவள், எல்லோரும் நிற்பதைப் பார்த்துத் தானும் எழுந்து, பழக்க தோஷத்தில் உரக்க ஒரு "ஆமென்" போட்டாள். அவ்வளவுதான். அந்த ஆமென்தான் எல்லாவற்றுக்கும் முத்திரை குத்திவிட்டது. பாட்டுக்குழு சிஸ்டர் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "இவ்வளவு பெரிய அற்புதத்தை எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே சிஸ்டர்!" யாருக்கு என்ன அற்புதம் என்று புரியாமல் இவளும் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். விஷயம் விளங்கியபோது வாசல் வரை வந்தாகிவிட்டது. "இல்ல, அது வந்து..." என்று இழுத்தாள். யார் கேட்டார்கள்? "சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வர்றோம். அண்ணனைப் பார்த்தே ஆகணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

வீட்டுக்குப் போனதும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படியேறினாள். உள்ளே நுழைந்தால் விரிப்பு நனைந்து கிடந்தது. அவர் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாற்றினாள். துவைத்தாள். கஞ்சி வைத்தாள். சொல்ல வாயெடுத்தபோது அவர் தூங்கிப்போயிருந்தார். எழுப்பி, இதைச் சொல்லவா? ஐந்து மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

பதினோரு பேர். கையில் பழப் பை, ஒருவர் தோளில் கிதார். வாசலில் செருப்புகள் மாடிப்படி வரை வரிசை கட்டின. கட்டிலில் விழித்துப் பார்த்தவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. போதகர் முகமெல்லாம் சந்தோஷமாகக் குனிந்தார். "ஐயா, ஆண்டவர் உங்களை எழுந்து நடக்க வச்சாருன்னு அம்மா எழுதிக் கொடுத்ததைக் காலைல சபையில வாசிச்சேன். அழாத ஆள் இல்லை."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தண்ணீர் டம்ளர்கள் அடுக்கிய தட்டோடு அடுப்படி வாசலில் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. அவர் கத்துவார், அல்லது சிரிப்பார், இரண்டில் ஒன்று என்று அவள் நினைத்தாள்.

"ஆமா, நடந்தேன்" என்றார் அவர்.

"எவ்வளவு தூரம் அண்ணே?"

"ஜன்னல் வரைக்கும். திரும்பியும் வந்தேன். அதான் அசதியா இருக்கு, படுத்துட்டேன்."

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் அவளுக்குச் செய்த உபகாரங்களைச் சுலபமாகச் சொல்லி முடித்துவிடலாம். அதில் இப்படி ஒன்றை அவள் எதிர்பார்த்ததே இல்லை. பாட்டுக்குழு சிஸ்டர் "அல்லேலூயா" என்று கத்தினாள். கிதார்க்காரர் உறையைக் கழற்றினார். பிறகு யாரோ ஒருவர், கெட்ட எண்ணத்தோடு இல்லை, ஆசையாகத்தான் கேட்டார். "அண்ணே, எங்க கண்ணுக்கு முன்னாடி ஒரே ரெண்டு அடி. வேணும்னா நாங்க பிடிச்சுக்கிறோம்."

அவர் மறுத்திருக்கலாம். அசதி என்று ஏற்கெனவே சொல்லியாயிற்றே. ஆனால் அந்த மனுஷன் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துவிட்டார். உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி இடது காலைத் தரையில் ஊன்றினார். கழுத்து நரம்பு புடைத்தது. வலது கால் விரிப்பிலேயே கிடந்தது. அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி முறுக்கினார். பதினோரு பேரும் மூச்சு விடாமல் நின்றார்கள்.

"வேணாங்க." தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து அவரைத் தோளோடு பிடித்தாள். பிடித்தபடியே மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "இவர் நடக்கலை. ஒரு அடிகூட நடக்கலை. நடப்பாருன்னு நான்தான் முன்கூட்டியே எழுதிப் போட்டேன். எனக்காகத்தான் இப்படிச் சொல்லிட்டாரு. மன்னிச்சிடுங்க."

கிதார்க்காரர் உறையைத் திரும்ப மாட்டினார். சபை மூப்பர் ஒருவர், கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர், கண்டிப்பு எதுவும் இல்லாமல் நிஜமாகவே புரியாமல் கேட்டார். "அப்ப எதுக்கும்மா ஸ்தோத்திரம்?"

ரத்த விரிப்புக்கு, வராத பஸ்ஸுக்கு, யாரோ ஒருவரின் பல்செட்டுக்கு என்று எதற்கும் காரணம் வைத்திருந்தவள் அவள். உள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அசதி மட்டும்தான் இருந்தது. போதகர் முகம் சிவந்து, "என் தப்பும்மா. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாசிச்சிருக்கணும்" என்றார். தாழ்ந்த குரலில் ஒரு ஜெபம் நடந்தது. பாட்டு இல்லை. படியிறங்குகிற காலடிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து போயின. பாதித் தண்ணீர் டம்ளர்களிலேயே இருந்தது.

அவள் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள். டம்ளர்களைக் கழுவினாள். திரும்பி வந்து கேட்டாள்.

"எதுக்குங்க பொய் சொன்னீங்க?"

"பின்ன? பதினோரு பேர் முன்னாடி உன்னைப் பொய்க்காரியாக்கி விடச் சொல்றியா?" அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். "எத்தனை நாளா எழுதுற?"

"மாசாமாசம். நீங்க விழுந்ததிலேருந்து."

"கால் வராதுன்னு டாக்டர் சொன்னாரே, நீயும்தானே நின்னு கேட்டே?"

"கேட்டேன்."

"கேட்டும் எழுதினியா?"

"எழுதாம விட்டா, வராதுன்னு நானும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. மக ஒத்துக்கிட்டா. நீங்க ஒத்துக்கிட்டீங்க. நான் ஒருத்திதான் பாக்கி. நானும் விட்டுட்டா உங்களுக்குன்னு யாருங்க இருக்கா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அடுப்படி விளக்கை அணைத்துவிட்டு வந்து கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டாள். பழக்கம்தான் அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்தது. கைகளைக் கோத்தாள், கண்களை மூடினாள். வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது. கீழ்வீட்டில் தையல் மெஷின் ஓடி நின்று மறுபடி ஓடியது.

"என்ன? சொல்லு" என்றார் அவர்.

"வரலைங்க."

"என்ன வரலை?"

"ஒண்ணும் வரலை. இன்னைக்கு எனக்கு ஒண்ணுமே வரலை." கண்ணைத் திறந்து தன் கைகளைப் பார்த்தாள். சோப்பில் ஊறி வெளுத்த கைகள். "சும்மா சொல்றதுக்கும் தெம்பில்லை. விட்டுடறேங்க."

பேச்சு திரும்பியதிலிருந்து அவர் சீண்டிச் சீண்டிக் கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தானே, விட்டுவிடு என்று. இப்போது அவர் இடது கையை நீட்டி, விரிப்பில் தனியாகக் கிடந்த வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினார். அது கனத்தது. ஒரு தடவை நழுவி விழுந்தது. மறுபடி பிடித்து இழுத்து நெஞ்சின் மேல் போட்டார். மடங்கிப் போயிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்த இடைவெளிகளில் இடது கை விரல்களை நுழைத்துக் கோத்துக்கொண்டார். கட்டை விரல் மட்டும் அடங்காமல் வெளியே நின்றது. இதில் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. கண்களை மூடினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆரம்பம் எப்படி என்று தெரியாமல் தடுமாறுகிறார் போலிருந்தது.

அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "கண்ணை மூடுடி" என்றார்.

அவள் மூடிக்கொண்டாள்.